எரியட்டும் என்று சொன்னவன்

போர் தொடங்கிய இரண்டாம் நாளே காதுமணியை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. துறைமுக ஊரான முத்தாழியில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெட்ரோல் கிடைக்குமா, கப்பல் வருமா என்பதுதான் அன்றைய பேச்சு.

காதுமணி என்பது பட்டாணி அளவு கருவி. காதில் போட்டுக்கொண்டால் எதிரே இருப்பவர் எந்த மொழி பேசினாலும் நம் மொழியில் கேட்கும். அவருடைய அசல் குரலை மணி தடுத்துவிடும். அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், நம் மொழி மட்டும் கேட்கும். பதினைந்து வருடமாகத் துறைமுகத்தில் வியாபாரம், மருத்துவம், கல்யாணம் எல்லாமே மணியால்தான் நடந்தன. வேற்றுமொழி படிப்பதை எல்லாரும் விட்டிருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தோரல் நாட்டோடு நூறு வருட வியாபாரம் இருந்தும், தோரலி மொழியில் நாலு வார்த்தை தெரிந்தவர் ஊரில் ஒருவர் கூட இல்லை.

பிரகாசி அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டின் மூத்த செவிலி. வயது நாற்பத்து மூன்று. போரின் முதல் வாரத்தில் துறைமுக எண்ணெய்க் கிடங்கு எரிந்தபோது கருகியவர்களை இரண்டு நாள் தூங்காமல் பார்த்தவள். செத்த பதினான்கு பேரில் ஒருவர் அவளுடைய அக்கா புருஷன் ரொசாரி. கிரேன் ஓட்டுபவர். அவர் கையில் இருந்த மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

அதற்கு மறுவாரம் கடலோரக் காவல்படை ஒரு தோரல்காரனைக் கொண்டுவந்து அவளுடைய வார்டில் போட்டது. பெயர் ஓரெக். முப்பது வயது இருக்கும். சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன் என்று அவனுடைய அடையாள அட்டை சொன்னது. கப்பல் தீப்பிடித்து, இரண்டு கையும் முழங்கை வரை வெந்து, கடலில் மிதந்தவன். உண்மையிலேயே கப்பல் தொழிலாளி என்றால் கைதிப் பரிமாற்றத்தில் ஊருக்குப் போவான். கிடங்குக்குத் தீ வைத்தவர்களில் ஒருவன் என்றால் ராணுவ நீதிமன்றம். எது என்று தெரியும்வரை வைத்தியம் பார்க்கச் சொன்னார்கள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பதிவுப் பெட்டியை மாட்டினார்கள். அவன் காதில் ஒரு மணி. வாசலில் ஒரு காவலர்.

முதல் நாள் கட்டு மாற்றும்போது பிரகாசி பழக்கத்தில், "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றாள். அவன் அவளை வெறித்துப் பார்த்தான். துணியை எடுக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னான். அவளுடைய காதில் கேட்டது:

"எரியட்டும். தாய்நாட்டுக்காக எரியட்டும்."

பிரகாசியின் கை அப்படியே நின்றது. ரொசாரி அத்தானின் மோதிரம் நினைவுக்கு வந்தது. புண்ணோடு ஒட்டிய துணியை உப்புநீர் விட்டு ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். உப்புநீர்ப் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. காய்ந்த துணியை அப்படியே பிடித்து இழுத்தாள்.

அவன் கத்தியது வாசல் வரை கேட்டது. இருபது வருட வேலையில் அவள் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் காலை ஊர் முழுக்கத் திரைகளில் அவன் முகம். பதிவுப் பெட்டியிலிருந்து எடுத்த குரல். "எரியட்டும். தாய்நாட்டுக்காக எரியட்டும்." யாரும் எழுதிக் கொடுத்த அறிக்கை அல்ல, யாரும் நடித்தது அல்ல. எதிரி தன் வாயால் சொன்னது. பஸ் நிலையத்தில், மீன் ஏலத்தில், கோயில் வாசலில் அதே பேச்சு. மருத்துவமனைக் கண்ணாடியில் கல் விழுந்தது. படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தில் அந்த ஒரு வாரத்தில் மட்டும் எண்ணூறு பேர் பெயர் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருத்தி பேச்சி. வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் உலகம்மாளின் ஒரே மகள். இருபத்திரண்டு வயது.

"நேத்து வரைக்கும் பேங்கு பரிச்சைக்குப் படிச்சிட்டு இருந்தா சிஸ்டர்," என்றாள் உலகம்மாள், வாளியை வைத்துவிட்டு. "அந்தப் பய சொன்னதக் கேட்டா. சோத்துத் தட்ட அப்படியே வச்சிட்டு எந்திச்சா. ‘எம்மோ, நான் போறேன்’ன்னா. போயிட்டா."

"நீங்க தடுக்கலியாக்கா?"

"எப்படித் தடுக்க? எனக்கே ரத்தம் கொதிச்சுதே."

ஓரெக்கின் கட்டிலை உலகம்மாள் துடைப்பதில்லை. அவனைச் சுற்றி மட்டும் தரையில் ஒரு அழுக்கு வட்டம் விழுந்திருந்தது.

பிரகாசிக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் பெரிய அறிவு எதுவும் இல்லை. ஒரு காதுப்புண். வேர்வையில் மணி உரசி உரசி இடது காது வீங்கிவிட்டது. மூன்று நாளைக்கு மணி போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளூர் நோயாளிகளிடம் பேச மணி எதற்கு? கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் ஓரெக்கின் சொந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டாள். மணிக்குள் கேட்ட அதே குரல்தான். ஆனால் வார்த்தைகள் மாறியதும் குரலே வேறாகக் கேட்டது. அவள் தண்ணீர் கொடுத்தபோது அவன் தலையைக் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னான். முந்தின நாள்வரை இதே இடத்தில் மணி, "உன் தண்ணீர் எனக்கு வேண்டாம்" என்று சொல்லும். சொல்லிவிட்டு ஒரு சொட்டு விடாமல் குடிப்பான். அது அவளுக்கு அப்போதே வினோதமாகத்தான் இருந்தது. திமிர் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். திமிர் எங்கே இருக்கிறது?

அவளுக்கே தெரியாத ஒரு வேகத்தில், குனிந்து அவன் காதிலிருந்த மணியையும் எடுத்தாள். அவன் பயந்து ஒதுங்கினான். அவள் டம்ளரைக் காட்டி, "தண்ணி" என்றாள்.

அவன் டம்ளரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, "லுவா" என்றான்.

"லுவா," என்றாள் அவளும். அவன் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

இரண்டு நாளில் பத்து வார்த்தை ஆயிற்று. ரொட்டி, ஜன்னல், கடல், கால். அலைபேசியில் தானும் மகளும் நிற்கும் படத்தைக் காட்டினாள். அவன் தாடையால் அவளைச் சுட்டி "ஓமி" என்றான். மகளைச் சுட்டி வேறொரு வார்த்தை சொன்னான். பிறகு தன் நெஞ்சைத் தாடையால் காட்டி, கண்ணால் கடலுக்கு அப்பால் காட்டி, மறுபடியும் "ஓமி" என்றான். அவனுக்கும் ஒருத்தி அங்கே இருக்கிறாள். அம்மா.

சாயங்காலம் மின்சாரம் போனபோது மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தாள். தீயைப் பார்த்ததும் அவன் உடம்பு முழுக்கச் சுருண்டது. "நேரா! நேரா!" என்றான். அவள் ஊதி அணைத்துவிட்டு இருட்டிலேயே வேலையை முடித்தாள்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றினாள். உப்புநீர் விட்டு நன்றாக ஊறவைத்தாள். ஆனாலும் வலிக்கத்தானே செய்யும்? அவன் கண்ணை மூடிக்கொண்டு முனகினான்.

"நேரா, ஓமி... நேரா."

எரியுது, அம்மா. எரியுது.

இருபது வருடமாக அந்த வார்டில் தினமும் கேட்கும் வார்த்தைகள். தச்சன், சமையல்காரி, அடுப்பில் விழுந்த பிள்ளை, எல்லாரும் சொல்வது. பிரகாசி நிமிர்ந்தாள். பையிலிருந்து மணியை எடுத்து வலது காதில் வைத்துக்கொண்டாள். அடுத்த துணியை எடுத்தாள். அவன் மறுபடியும் முனகினான். மணி தெளிவாகச் சொன்னது:

"எரியட்டும். தாய்நாட்டுக்காக எரியட்டும்."

அவள் மணியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

வாரத்துக்கு ஒருமுறை பதிவுப் பெட்டியில் வேறு தகடு போட வருபவன் இசக்கிமுத்து. மணி நிறுவனத்தில் வேலை பார்த்து, போர் தொடங்கிய பிறகு நிறுவனத்தோடு சேர்ந்து அரசாங்க ஊழியன் ஆனவன். அதிகம் பேசமாட்டான். பிரகாசி அவனை மருந்து அறைக்குள் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் வெளியே போய்ப் பெட்டியின் மின்கம்பியை உருவிவிட்டு வந்தான்.

"இத வேற யார்கிட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல தம்பி."

"சொல்லாதீங்க."

"மணி பொய் சொல்லுதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"பொய்யில்ல சிஸ்டர். அதான் இதுல இருக்க விஷயமே." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஓமின்னா அம்மா. பாட்டுல, கொடியேத்துறப்ப எல்லாம் தாய்நாட்டையும் ஓமின்னுதான் சொல்லுவாங்க. நேரான்னா எரியுது. எரியட்டும்னும் எடுக்கலாம். மணிக்குள்ள இருக்க அகராதியில ரெண்டும் இருக்கு. முன்னாடி மணி என்ன செய்யும்? ஆளு யாரு, எங்க இருக்கான், அழுதானா சிரிச்சானான்னு பாத்து, பொருந்துற அர்த்தத்த எடுக்கும். இப்ப உத்தரவு வந்திருக்கு. எதிரி மொழின்னா, இருக்கதுல கெட்ட அர்த்தத்த எடு. அவ்வளவுதான்."

"எதுக்கு? பொய் சொல்லணும்னா பேப்பர்ல போட வேண்டியதுதான?"

"பேப்பர்ல போட்டா நாலு பேரு நம்ப மாட்டான். இது அவனவன் காதால கேட்டது. தன் காதையே யாரு சந்தேகப்படுவா, சொல்லுங்க?"

பிரகாசிக்கு முதல் நாள் கட்டு மாற்றியது நினைவுக்கு வந்தது. பிறகு கேட்டாள்: "நான் சொல்லுதது அவனுக்கு எப்படிக் கேக்கும்?"

அவன் அவளைப் பார்க்காமல் தகட்டை உறையில் போட்டான். "மணி ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"‘பொறுத்துக்கோ’ன்னு சொன்னேன்."

"‘அனுபவி’ன்னு போயிருக்கும்."

அனுபவி என்று சொல்லிவிட்டுக் காய்ந்த துணியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவன் இடத்தில் அவள் இருந்தால் என்ன நினைத்திருப்பாள்?

"நம்ம ஆளுங்க மொழிக்கும் இப்படித்தானா?"

"சேச்சே. எதிரி மொழிக்கு மட்டும்தான்," என்றான் இசக்கிமுத்து. அவன் அதை நம்பித்தான் சொன்னான் என்று பிரகாசி பின்னாளிலும் நினைத்தாள்.

ஓரெக்கை விசாரிக்கத் தலைநகரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். கைதியோடு பழகிய யாரும் சாட்சி சொல்லலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிரகாசி இரண்டு நாள் யோசித்தாள். வேலை போகும், ஒருவேளை ஜெயிலுக்கும் போக வேண்டிவரும். அக்கா மூஞ்சியில் எப்படி முழிப்பது? கடைசியில் அந்தக் காய்ந்த துணிதான் அவளை அனுப்பியது.

அதிகாரி தலைநகர் மொழிக்காரர். பிரகாசியும் மணி போட்டுக்கொண்டுதான் போனாள். நரைத்த மீசை, சாந்தமான கண். அவள் உட்கார்ந்ததும் தேநீர் தரச் சொன்னார்.

"ஐயா, தமிழ் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். "இது இருக்கும்போது எதற்கு, சகோதரி? தயங்காமல் பேசுங்கள்."

அவள் பேசினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "எரியட்டும்னு அவன் சொல்லல ஐயா. எரியுதுன்னுதான் சொன்னான். அம்மாவக் கூப்பிட்டான். என் காதால கேட்டேன். அது தெரியாம நான் அவனுக்கு வேணும்னே வலி குடுத்தேன். அதுக்காக நான் வருந்தாத நாளில்ல. அவன் கப்பல் வேலைக்காரன். தீ வச்சவன் மெழுகுவத்தியப் பாத்து இப்படிப் பயப்பட மாட்டான்."

அதிகாரி கவனமாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை அவருடைய கண் கலங்கியது மாதிரிகூட இருந்தது. முடிந்ததும் எழுந்து நின்று கைகூப்பினார்.

"உங்களைப் போன்றவர்களால்தான் நாடு நிற்கிறது."

வாக்குமூலம் தலைநகர் எழுத்தில் அச்சாகி வந்தது. அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது. எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை ஓரெக்கைக் கூட்டிப் போக வண்டி வந்தது. பரிமாற்றத்துக்குத்தான் என்று நினைத்து, அவனுக்கு மாற்றுத் துணியும் களிம்பும் எடுத்துப் பையில் கட்டினாள். வாசல் காவலர் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்று சலாம் வைத்தார்.

"எதுக்குண்ணே இது?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேட்டுட்டீங்க? உங்க சாட்சியிலதான கேசே நின்னுது." கையிலிருந்த உத்தரவின் தமிழ்ப் படியை நீட்டினார்.

நேரில் கேட்ட சாட்சி, மூத்த செவிலி பிரகாசி. ‘எரியட்டும் என்று அவன் சொன்னதை என் காதால் கேட்டேன். நான் வேண்டுமென்றே அவனுக்கு வலி கொடுத்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தவில்லை.’ கீழே அவளுடைய கையெழுத்து.

அவள் இரண்டு தரம் படித்தாள். "நான் இப்படிச் சொல்லல," என்றாள். "நான் சொன்னது இதுக்கு நேர்மாறு."

காவலரின் முகம் மாறியது. "சிஸ்டர், உள்ளே பெட்டி இருக்கு," என்றார் மெதுவாக. மிரட்டினாரா, எச்சரித்தாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

ஓரெக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளி வந்தார்கள். காதில் மறுபடியும் மணி. எதைச் சொன்னாலும் அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து அவன் கைக்கட்டைச் சரிசெய்தாள். அவனுடைய மொழியில், அவனுடைய வார்த்தையையே சொன்னாள்.

"நேரா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான். பிறகு நீளமாக ஏதோ சொன்னான். அவள் காதில் மணி இல்லை. அவளிடம் இருந்த பத்து வார்த்தையில் ஒன்றுகூட அதில் இல்லை. லிப்ட் கதவு மூடியது.

மணி போட்டிருந்த காவலர் பல்லைக் கடித்தார். "கேட்டீங்களா, போற நேரத்துல என்ன சொல்லிட்டுப் போறான்னு?"

"கேக்கல," என்றாள் பிரகாசி. "நீங்களும் சொல்லாதீங்க."

அன்று மாலையே திரைகளில் அவள் முகம். அக்கா வந்து கட்டிப்பிடித்து அழுதாள். மருத்துவமனை வாசலில் மாலை போட்டார்கள். ஆறாம் நாள் செய்தியில் மூன்று வரி வந்தது: எண்ணெய்க் கிடங்கு நாசவேலை வழக்கில் தோரல் கைதிக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடுத்த வாரம் பெட்டிக்குத் தகடு மாற்ற இசக்கிமுத்து வரவில்லை. வேறொருவன் வந்தான். இசக்கிமுத்து எங்கே என்று கேட்டதற்கு, அப்படி யாரையும் தெரியாது என்றான்.

பிரகாசிக்குச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். தமிழில், மணி இல்லாமல், முகத்துக்கு நேராக. துணி துவைக்கும் அறையில் உலகம்மாளை உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னாள். எரியுது, அம்மா, எரியுது. அவன் சொன்னது அவ்வளவுதான் என்றாள்.

உலகம்மாள் நனைந்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் போர்வையைப் பிழிந்தாள்.

"அப்ப என் மவ எதுக்குப் போனா?" என்றாள்.

பிரகாசி அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"அவன் எரியட்டும்னுதான் சொன்னான்," என்றாள் உலகம்மாள் எழுந்து நின்று. "நான் கேட்டேன். ஊரே கேட்டுது. உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு சிஸ்டர்."

அதன்பிறகு ஒரு மாதம் அவள் பிரகாசியோடு பேசவில்லை. எதிரே வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவாள். புகார் கொடுத்துவிடுவாளோ என்று பிரகாசி பயந்தாள். கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம், மருந்து அறைக்கு அவளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் அலைபேசி.

"பேச்சி இப்பத்தான் பேசுனா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போர்முனையிலிருந்து வீட்டுக்குப் பேச ஐந்து நிமிடம் கொடுப்பார்கள். எல்லா அழைப்பும் போர் அமைச்சகத்தின் இணைப்பு வழியாகத்தான் வரும்.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கேன்னுதான் சொல்லுதா. சாப்பாடு நல்லாருக்காம். எல்லாரும் பாசமா இருக்காவளாம். நம்ம ஜெயிக்கப் போறோமாம்." உலகம்மாள் நிறுத்தினாள். "‘அம்மா, நீங்க கவலைப்படாதீங்க’ங்கா."

பிரகாசி மாத்திரை எண்ணுவதை நிறுத்தினாள்.

"எம் பிள்ள என்னைய அம்மான்னு கூப்பிட்டதே கெடையாது சிஸ்டர். ‘எம்மோ’ம்பா. ‘நீ’ம்பா. கோவம் வந்தா ‘போடி’ம்பா. பொறந்ததுலேருந்து நீங்கன்னு ஒரு தரம் சொன்னதில்ல." ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "குரல் அவ குரல்தான். மூச்சு விடுறதுகூட அவ மாதிரிதான். ஆனா பேசுனது அவ இல்ல."

"யக்கா..."

"தமிழுக்கும் தமிழுக்கும் நடுவுல மணி எதுக்கு சிஸ்டர்?"

வெளியே யாரோ வண்டி தள்ளிப்போகும் சத்தம் கேட்டது. அது தாண்டிப் போனது. பிரகாசி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உலகம்மாள் உட்காரவில்லை. அலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அவ உசுரோட இருக்காளா இல்லியான்னுகூட இப்ப நான் கேக்கல," என்றாள். "இருக்கான்னே வச்சுக்கிடுவோம். கடைசியா போனை வைக்கதுக்கு முன்னாடி நான் அவகிட்ட ஒண்ணு சொன்னேன். ‘சண்டையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எம்மா, திரும்பி வந்துரு’ன்னு சொன்னேன்."

நிமிர்ந்து பிரகாசியைப் பார்த்தாள்.

"அது அவ காதுல என்னன்னு விழுந்திருக்கும் சிஸ்டர்?"